அழகர் உடுத்தியது பச்சையா, சிவப்பா? கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்ட்: கேள்வி பதில்

சிம்மக்கல்லில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர் நம் வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். கலர் படங்களைக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் அடிப்பது பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை.

கேள்வி: செலவைக் குறைக்க எங்கள் பள்ளி ஆண்டு மலரை நாங்களே லேசர் பிரிண்டரில் அடிக்கிறோம். பொங்கல் விழாவில் மாணவிகளும் ஆசிரியைகளும் சுங்குடிச் சேலை கட்டி எடுத்த படம் ஒன்று. சிவப்புச் சேலை, பச்சைக் கரை. கம்ப்யூட்டரில் பார்க்க அவ்வளவு அழகு. பிரிண்டில் கரையும் இல்லை, புள்ளியும் இல்லை, முகமும் கறுத்துவிட்டது. பிரிண்டர் சரியில்லையா? – ஆசிரியை, மேலூர்

பதில்: டீச்சர், பிரிண்டர் மேல் தப்பில்லை. அதனிடம் இருப்பது கறுப்புப் பொடி ஒன்றுதான். கலர் படத்தை அப்படியே அனுப்பினால், ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சம் என்று கணக்குப் போட்டு அதற்கு ஒரு சாம்பலைக் கொடுத்துவிடும். என்ன நிறம் என்பது அதோடு போச்சு.

பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் போடும் கணக்கு இது: சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114. மூன்றையும் கூட்டினால் சாம்பல். கலர் டி.வி. வந்த புதிதில், கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வகுத்த பங்கு. நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மங்கலாகவும் படுவதால் இப்படிப் பிரித்தார்கள்.

இனி உங்கள் சேலைக்கு வருவோம். 0 என்றால் கும்மிருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். சேலையின் சிவப்பு 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.299-ஆல் பெருக்கினால் 60. கரையின் கரும்பச்சை 100 என்றால், 0.587-ஆல் பெருக்க 59. அறுபதுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் எந்தக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்? விளக்குத்தூண் கடையில் கரையைப் பார்த்துப் பார்த்து எடுத்த சேலை, கணக்கில் ஒரே துணியாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், எந்த நிறம் எந்தச் சாம்பல் ஆக வேண்டும் என்பதைப் பிரிண்டர் கையில் விடாதீர்கள். நீங்களே முடிவு செய்து, சாம்பலாக மாற்றிய படத்தைத்தான் அனுப்ப வேண்டும். போட்டோஷாப்பில் 2007-இல் வந்த சி.எஸ்.3 முதல் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்று தனியாகவே ஒரு வசதி உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தள்ளுகோல். ஆனால் நம் ஊரில் இன்னும் 7.0 ஓடும் கடைகள் எத்தனையோ. அதில் ‘சேனல் மிக்ஸர்’ போய், கீழே ‘மோனோகுரோம்’ என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். சேனல் என்றால் படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளில் ஒன்று. காசு கொடுக்க வேண்டாம் என்றால் கிம்ப். அதில் ‘மோனோ மிக்ஸர்’ என்று இருக்கும்.

சிவப்பு 70, பச்சை 20, நீலம் 10 என்று வைத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி இருந்தால் படத்தின் மொத்த வெளிச்சம் ரொம்ப மாறாது. இப்போது சேலை 140, கரை 20. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். முகங்களும் கூடவே வெளுக்கும், ஏனென்றால் நம் தோலில் சிவப்புப் பங்குதான் அதிகம். மாநிற முகம் ஒன்று சாதாரணக் கணக்கில் 122 வந்தால் இந்தக் கலவையில் 142 வரும்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிவப்பைக் கூட்டினால் நெற்றிக் குங்குமமும் வெளுக்கும். சாதாரணக் கணக்கில் 70 பக்கம் இருந்த பொட்டு இப்போது 133-க்கு ஏறிவிடும். முகம் 142. பொட்டு எங்கே என்று தேட வேண்டியதுதான். கூட்டத்தோடு நிற்கும் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தலைமை ஆசிரியையின் தனிப்படத்தில் நெற்றி வெறுமையாக அச்சானால், அவர் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தனி முகங்களுக்குச் சிவப்பு 40, பச்சை 50, நீலம் 10 போதும். சேலைக்கு ஒரு கலவை, முகத்துக்கு ஒரு கலவை என்று இரண்டு லேயரில் வைத்து, வேண்டிய இடத்தை மட்டும் அழித்துக் காட்டுவதுதான் நல்ல வேலை. நேரம் பிடிக்கும், ஆனால் மலர் வருடத்துக்கு ஒருமுறைதானே.

அடுத்தது ‘லெவல்ஸ்’, அதாவது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் இடம். திரையில் நிழலுக்குள்ளும் விவரம் தெரியும். பொடி காகிதத்தில் சூடுபட்டு உருகிப் பரவுவதால், தொண்ணூறு சதவீதச் சாம்பலும் கறுப்பும் ஒன்றாகிவிடும். அதனால் நடுத் தள்ளுகோலை 1.2 அல்லது 1.3-க்கு நகர்த்தி, கீழே ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 25, 245 என்று கொடுங்கள். திரையில் படம் கொஞ்சம் சோகையாகத் தெரியும். தெரியட்டும், காகிதத்தில் சரியாக இருக்கும்.

சுங்குடிப் புள்ளி மட்டும் என் கையில் இல்லை. இருபது பேர் நிற்கும் படத்தைப் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் போட்டால், முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அந்தப் பொடிப் புள்ளிகளை விட பிரிண்டர் போடும் புள்ளி பெரிது. சேலைதான் விஷயம் என்றால், ஒருவரை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தைப் பக்கத்தில் போடுங்கள்.

கேள்வி: அக்கா, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பிரிண்ட் எடுத்தால் கட்டம் கட்டமாக வருகிறது. – கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: வாட்ஸ்அப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும் தம்பி. ஜேபெக் நசுக்கும்போது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கும், அந்தக் கட்டம்தான் உங்களுக்குத் தெரிவது. நிறத்தைத் தூக்கிக் காட்டச் சேனலைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசமாகும், அதுவும் நீலச் சேனல் ரொம்ப மோசம். அனுப்பியவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்கு வராதீர்கள், புண்ணியமாகப் போகும்.

கேள்வி: எங்கள் மண்டகப்படிக் குழு சித்திரைத் திருவிழாவுக்குச் சிறு மலர் போடுகிறது. உள்பக்கம் எல்லாம் கறுப்பு வெள்ளை. அழகர் பச்சைப் பட்டு உடுத்தித் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் படத்தைப் போட்டோம். வாங்கிய பெரியவர்கள் ‘அந்த வருஷம் என்ன பட்டு? சிவப்பா?’ என்று கேட்கிறார்கள். பச்சை என்று தெரிகிற மாதிரி சாம்பலை மாற்ற முடியுமா? – தல்லாகுளம் வாசகர்

பதில்: முடியாது ஐயா. பச்சை உடுத்தினால் நாடு செழிக்கும் என்று ஊரே காத்திருந்து பார்க்கிற விஷயத்தைச் சாம்பலில் சொல்ல எந்த சாஃப்ட்வேராலும் ஆகாது. படத்துக்குக் கீழே ‘பச்சைப் பட்டு உடுத்தி’ என்று ஒரு வரி எழுதுங்கள், வேலை முடிந்தது. இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் படத்தைத் திருத்த வேறு இடம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் குதிரையின் கழுத்தும் மார்பும் வெறும் வெள்ளைக் காகிதமாக இருக்கின்றன. விளக்கொளி பட்டு மின்னிய இடம் அது. திரையில் மின்னல், அச்சில் ஓட்டை. தங்க நிறத்தில் சிவப்பும் பச்சையும் நிறைய, நீலம் கொஞ்சம். 212, 175, 55 என்பது போல வரும். சாதாரணக் கணக்கில் அது 172. நீலத்தின் பங்கைக் கூட்டி 30, 40, 30 என்று கலந்தால் 150-க்கு இறங்கும். குதிரையின் நகாசு வேலை கொஞ்சம் வெளியே வரும். விடியும் முன் செல்போனில் எடுத்த படமென்றால் நீலச் சேனலில் பொரி பொரியாக இரைச்சல் இருக்கும், அதனால் முப்பதுக்கு மேல் போக வேண்டாம். முழு வெள்ளையாகவே போய்விட்ட இடத்தில் மீட்க எதுவும் இல்லை. ‘அவுட்புட்’ 245 கொடுத்தால் ஒரு மெல்லிய சாம்பலாவது ஒட்டும்.

மாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பங்கி, மல்லிகை எல்லாம் தானாகவே நன்றாக வரும். ரோஜா மாலைதான் பச்சைப் பட்டின் மேல் காணாமல் போகும், காரணம் மேலூர் டீச்சருக்குச் சொன்னதே.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டில் கலர் வரைபடங்கள் நிறைய. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பிரதிகளில் சிலவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஐந்து கோடுகளும் ஒரே மாதிரி தெரிகின்றன. – ஆய்வு மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: இதைப் போட்டோஷாப்பில் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள். வரைந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். எக்செலோ வேறு எதுவோ, கோடுகளுக்கு நிறம் கொடுத்த இடத்தில் வடிவம் கொடுங்கள். ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டு விட்டு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்றில் வட்டக்குறி, ஒன்றில் முக்கோணக்குறி. எல்லாம் கறுப்பிலேயே இருக்கட்டும். மெல்லிய கோட்டுக்குச் சாம்பல் கொடுத்தால், பிரிண்டர் அதையும் புள்ளியாக உடைத்து ரம்பப்பல் போல ஆக்கிவிடும். ஓரத்தில் பெட்டி போட்டு ‘சிவப்பு இது, நீலம் இது’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரை எழுதுங்கள். ஆய்வேட்டின் உள்ளே ‘சிவப்புக் கோட்டில் காண்பது போல’ என்று எழுதியிருப்பீர்கள், அதையும் தேடி மாற்றுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வானவில் நிறத்தில் வெப்பப்படம் மாதிரி ஏதாவது இருக்கிறதா? அதுதான் பெரிய ஆபத்து. கருநீலத்தில் தொடங்கி மஞ்சள் வழியாக அரக்குச் சிவப்பில் முடிகிற அந்த வரிசையில், இரண்டு முனையும் இருட்டு. கருநீலம் 15, அரக்கு 38, நடுவில் இருக்கும் மஞ்சள் 226. கறுப்பு வெள்ளையில் மிகக் குறைந்த அளவும் மிக அதிக அளவும் ஒரே கறுப்பாகத் தெரியும். பரிசோதகர் தலைகீழாகப் படித்துவிடுவார். பைதானில் வரைபவர் என்றால் ‘விரிடிஸ்’ என்ற வரிசையைப் பயன்படுத்துங்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏறும்படி அமைத்தது அது. பைதானில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பின் 2.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக வரும். பழைய நிரலை யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால், அந்த வானவில் வரிசையின் பெயரான ‘ஜெட்’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: கடையில் எல்லாப் படத்தையும் 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்கிறேன். பிரிண்ட் கொடுத்தால் மெஷின் யோசித்துக்கொண்டே நிற்கிறது. கிளாரிட்டியும் கூடவில்லை. இன்னொன்று, போட்டோஷாப்பிலேயே ‘பிட்மேப்’ ஆக்கி அனுப்பினால் நன்றாக வருமா? – ஜெராக்ஸ் கடைக்காரர், வாடிப்பட்டி

பதில்: தம்பி, நாளிதழில் வந்த ஒரு படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாம்பலே இருக்காது. சின்ன கறுப்புப் புள்ளி, பெரிய கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். லேசர் பிரிண்டரும் அதையேதான் செய்கிறது. 600 டி.பி.ஐ. மெஷின் அங்குலத்துக்கு 85 வரிசையாக அந்தப் புள்ளிகளைக் கட்டினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது ஏழுக்கு ஏழு சிறு கட்டம். 49 கட்டத்தில் ஒன்றுமே நிரப்பாதது முதல் எல்லாம் நிரப்பியது வரை எண்ணினால் 50 சாம்பல். 1984-இல் வந்த முதல் எச்.பி. லேசர்ஜெட்டில் 300 டி.பி.ஐ.தான். 53 வரிசை கட்டினால் 33 சாம்பல் கிடைக்கும். இன்றைக்கு நம் நிலைமை அதைவிடப் பரவாயில்லை.

வரிசை 85 என்றால், படத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது அங்குலத்துக்கு 170 புள்ளி போதும். தாராளமாக 200 வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுப்பதை எல்லாம் மெஷின் சராசரி எடுத்துத் தூக்கிப் போடுகிறது, அதற்குத்தான் அந்த யோசனை. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படம் என்றால் 276-க்கு 354 புள்ளி. இவ்வளவுதான் கணக்கு. கையெழுத்து, முத்திரை, பத்திரத்தின் எழுத்து இதெல்லாம் வேறு. அவற்றைச் சாம்பலே இல்லாமல் நேரடிக் கறுப்பு வெள்ளையாக 600-இல் ஸ்கேன் செய்யுங்கள், ஓரம் கத்தியாக இருக்கும்.

பிட்மேப், அதாவது சாம்பலே இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றுவது, வேண்டாம். அதில் ‘டிஃப்யூஷன் டிதர்’ போட்டால் ஒற்றை ஒற்றைப் புள்ளியாகச் சிதறும். திரையில் ரொம்ப நுணுக்கமாகத் தெரியும், இங்க்ஜெட்டுக்குப் பொருந்தும். லேசரில் 600-இல் ஒரு பங்கு அங்குலப் புள்ளியில் பொடி ஒரு இடத்தில் ஒட்டும், ஒரு இடத்தில் ஒட்டாது. முகத்தில் மணலைத் தூவியது மாதிரி வரும். கொத்தாகச் சேரும் புள்ளிதான் லேசருக்கு நிலையானது, அதைப் பிரிண்டரே நன்றாகச் செய்யும். நீங்கள் சாம்பல் படமாகக் கொடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் வகுப்பு நோட்ஸில் ஸ்கிரீன்ஷாட் வைத்தால் எழுத்து மங்குகிறது. கறுப்புப் பின்னணித் திரைகள் இன்னும் மோசம், பொடியும் வேகமாகத் தீர்கிறது. – பயிற்சி மைய ஆசிரியர், திருமங்கலம்

பதில்: படம் பிடிக்கும் முன்பே திரையை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஏற்கெனவே எடுத்ததை ‘இன்வர்ட்’ போட்டுத் திருப்பலாம், ஆனால் ஐகான்கள் நெகட்டிவ் மாதிரி விகாரமாகும். பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள், ஜேபெக் வேண்டவே வேண்டாம். 1366 புள்ளி அகலத் திரையைப் பதினாறு சென்டிமீட்டரில் வைத்தால் அங்குலத்துக்கு 217 வரும், அதுவே தாராளம். அளவை பேஜ்மேக்கரிலோ வேர்டிலோ வைக்கும்போது குறைத்துக்கொள்ளுங்கள், போட்டோஷாப்பில் ‘ரீசாம்பிள்’ செய்து புள்ளி எண்ணிக்கையையே மாற்றினால் எழுத்து குழையும். முழுத் திரையையும் போடாமல் வேண்டிய மெனுவை மட்டும் வெட்டிப் போட்டால் இன்னும் நல்லது. மாணவனுக்கு உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் சாமி படம் எதற்கு?

அப்புறம், சிவப்பு வட்டம் போட்டு ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று காட்டுவீர்கள். நீலப் பட்டையின் மேல் சிவப்பு வட்டம் பிரிண்டில் தெரியாது. கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளைக் கரை வைத்து வட்டம் போடுங்கள். எந்தப் பின்னணியிலும் நிற்கும்.

கேள்வி: அம்மா தவறிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி அட்டை அடிக்க வேண்டும். எங்களிடம் இருப்பது சிவந்துபோன பழைய கலர் படம் ஒன்றும், மஞ்சள் கறை படிந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும்தான். எது சரியாக வரும்? – சோழவந்தான் வாசகி

பதில்: இரண்டுமே வரும் தங்கச்சி. இரண்டையும் கலரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான். கடைக்காரர் ‘அது எதற்கு’ என்பார், விடாதீர்கள்.

காரணம் இது. மஞ்சள் கறை நீலச் சேனலில் கறுப்பாகத் தெரியும், சிவப்புச் சேனலில் தெரியவே தெரியாது. அதனால் அந்தப் படத்தில் சிவப்பை மட்டும் 100 வைத்து மற்றதை 0 ஆக்கினால் கறை தானாகவே கரைந்து போகும். கறுப்பு வெள்ளைப் படமாக இருப்பதால் குங்குமத்துக்கும் ஆபத்தில்லை. சிவந்துபோன கலர் படத்தில் நேர் எதிர். அதில் நீலப்பச்சைச் சாயம் மங்கிப்போயிருக்கும், அதனால் சிவப்புச் சேனல் வெளிறிக் கிடக்கும். பச்சைச் சேனலில்தான் முகம் திடமாக இருக்கும். பச்சை 100 வைத்துப் பாருங்கள், அம்மாவின் பொட்டும் பளிச்சென்று நிற்கும்.

பின்னணியை வெட்டி வெள்ளையாக்கும்போது, தலைமுடி ஓரத்தைக் கத்தரித்த மாதிரி விடாமல் மெதுவாக மங்க விடச் சொல்லுங்கள். கறுப்புப் பின்னணி போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். லேசரில் பெரிய கறுப்புப் பரப்பு திட்டுத் திட்டாக வரும், கறுத்த கூந்தலும் அதோடு கலந்துவிடும்.

இருநூறு அட்டையையும் கம்ப்யூட்டரிலிருந்தே அடித்து வாங்குங்கள். ஒன்றை அடித்து மீதியை ஜெராக்ஸ் போட்டால், புள்ளியின் மேல் புள்ளி விழுந்து முகத்தில் அலை அலையாகக் கோலம் விழும். வேறு வழியே இல்லை என்றால், முதல் பிரதியை 60 வரிசை, 45 டிகிரி என்று பெரிய புள்ளியில் எடுத்து, ஜெராக்ஸில் ‘டெக்ஸ்ட்’ முறையில் போடச் சொல்லுங்கள். ‘போட்டோ’ முறையில் போட்டால் மெஷின் மறுபடி தன் புள்ளியைக் கட்டப் பார்க்கும்.

கேள்வி: ஒரே ஃபைல். ஒரு கடையில் நன்றாக வருகிறது, இன்னொரு கடையில் கரி. எந்த அளவை நம்புவது? – திருப்பரங்குன்றம் வாசகர்

பதில்: நான் மேலே சொன்ன 25-ம் 245-ம் பொதுவான அளவு. உங்கள் பிரிண்டருக்கு என்று தனி அளவு உண்டு, அதைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பத்துப் பத்து சதவீதமாகப் பதினொரு கட்டம் வரைந்து ஒரு தாள் அடியுங்கள். ஐந்து சதவீதத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்பதும் தொண்ணூறும் நூறும் ஒன்றாகத் தெரிந்தால், உங்கள் மெஷினில் எண்பதுக்கு மேல் விவரம் நிற்காது. ‘அவுட்புட்’ கீழ் அளவை 51 ஆக்குங்கள். ஐந்து சதவீதக் கட்டம் காணவே இல்லை என்றால் மேல் அளவை 240, 235 என்று இறக்குங்கள்.

பொடியை மிச்சம் பிடிக்கும் ‘டோனர் சேவ்’ அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பிரித்து வைத்த தாள் ஈரம் இழுத்துக்கொண்டால் பொடி சரியாகப் பிடிக்காது, அதனால் தாள் கட்டை மூடியே வையுங்கள். அடித்த தாளில் தேதி எழுதிப் பிரிண்டர் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். கார்ட்ரிட்ஜில் பொடி நிரப்பினால், டிரம் மாற்றினால், இன்னொரு தாள் அடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அளவை மாற்றுங்கள்.